ஃப்ளோட்டர் சட்டமும் செல்வலட்சுமியின் சந்தேகமும்

கொச்சியின் கொச்சங்காடியில் செல்வலட்சுமிக்கு மீன் விற்றவன் எவனும் அன்றைக்கு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அயலையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், கடைசியில் தராசின் அடியில் கையை விட்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் இன்னொரு தடவை நிறுப்பாள். எடை குறைந்திருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்தது. சரியாக இருந்தால்தான் தொல்லை. "இன்னைக்கு மட்டும் எதுக்கு ஒழுங்கா போட்டான்?" என்று பொழுது சாயும்வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

பிறந்ததே மட்டாஞ்சேரியில்தான். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கண்ணாடிக் கடை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். வாய்த்த புருஷன் செல்லப்பாவோ கேட்டவருக்கெல்லாம் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருகிற ஆள். கடைச் சாவியை இரண்டு தடவை தொலைத்தார். அதோடு சாவி அவர் கைக்குப் போவது நின்றது. "லோகத்துல எல்லாரும் கள்ளனாடி?" என்று கேட்பார். "எல்லாரும் இல்ல. எவன்னு தெரியாதில்லையா, அதான் எல்லாரையும் பாக்க வேண்டியிருக்கு" என்பாள் அவள். அந்த மனுஷன் சாயா குடிக்க எழுந்து போய்விடுவார்.

அவர்களுடையது படங்களுக்குச் சட்டம் போடுகிற பிரேம் கடை. சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே ஒரு நீள அறை. முதலில் சாமி படமும் கல்யாண போட்டோவும்தான் வந்துகொண்டிருந்தன. பிறகு பழைய கிடங்குகளை ஒவ்வொன்றாக வெள்ளையடித்துக் கண்காட்சிக் கூடம் ஆக்கினார்கள். ஓவியர்கள் வந்தார்கள், கூடவே ஃப்ளோட்டர் என்ற சொல்லும் வந்தது. சாதாரணச் சட்டம் படத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஃப்ளோட்டர் கடிக்காது. தாம்பாளத்துக்குள் வைத்த மாதிரி கேன்வாஸ் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும், நாலு பக்கமும் ஒரே அளவாகக் கொஞ்சம் இடைவெளி, மேலே கண்ணாடி கிடையாது. பார்க்கிறவருக்குப் படம் அந்தரத்தில் நிற்பதாகத் தோன்ற வேண்டும். பிடிமானம் எல்லாம் பின்பக்கம். சட்டத்தின் அடிவிளிம்பைத் துளைத்துக்கொண்டு, கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் உள்கட்டைக்குள் ஸ்க்ரூ இறங்கும்.

சந்தேகப் பிராணிக்கென்றே யாரோ கண்டுபிடித்த வேலை இது. எந்த ஓவியரும் நாலு மூலையும் நேராக இருக்கிற கேன்வாஸைக் கொண்டுவந்ததில்லை. போனில் சொல்லும் அளவை நம்பிச் சட்டம் வெட்டினால் ஒரு பக்கம் இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும். செல்வலட்சுமி நம்பமாட்டாள். குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை, மூலைக்கு மூலை ஒருமுறை அளப்பாள். ஓவியரின் டேப்பைக் கூட வாங்கித் தன் டேப்போடு ஒட்டிப் பார்ப்பாள். அவள் பூட்டிய படத்தில் இடைவெளி கோணியதாக ஒருத்தரும் குறை சொன்னதில்லை. வீட்டில் கெட்ட பெயர் வாங்கித் தந்த அதே குணம் கடையில் அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது.

சட்டத்தை அறுத்து மூலை சேர்ப்பது சேவியர். குளச்சல்காரன். படகு கட்டுகிற வேலைக்கென்று கொச்சிக்கு வந்தவன், மழைக்கு ஒதுங்கிய கடையிலேயே வேலைக்குச் சேர்ந்து, செல்வலட்சுமியின் மகள் தாவணி போடும் வயதிலிருந்து அவள் கல்யாணமாகி ஏலூருக்குப் போனது வரை கூடவே இருந்தவன். அதிகம் பேசமாட்டான். இன்னொரு சாவி அவனிடம்தான். செல்வலட்சுமி ஒரு மனுஷன் கையில் சாவியைக் கொடுத்தாள் என்பதே கொச்சங்காடியில் அந்தக் காலத்தில் பெரிய சேதி. "அவன் ஒருத்தன் மேல எனக்குச் சந்தேகம் கிடையாது" என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள் என்றும் செல்லப்பா சொல்வார். அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

ஆனாலும் அவளுக்கென்று ஒரு ரகசியம் இருந்தது. படத்தைக் கவிழ்த்துப் பின்னால் பித்தளை ஸ்க்ரூக்களைப் பூட்டி முடித்ததும், ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள கோடு மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கும்படி கடைசியாக ஒரு திருப்பு திருப்புவாள். மறுநாள் காலையில் கட்டைவிரல் நகத்தை அந்தத் தலைகள் மேல் ஓட்டுவாள். ஒரு கோடு சாய்ந்திருந்தாலும் வேறு கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். இதைப் புருஷனிடமும் சொன்னதில்லை, சேவியரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது?

நகம் எதற்கு, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். கொஞ்ச காலமாகக் கடையில் விற்கிற பல்பெல்லாம் மட்டம். முன்னே எரிந்த மாதிரி எரிவதில்லை. பத்திரிகைக்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள், எழுத்து கரைந்த மாதிரி இருக்கிறது. ஊசி செய்கிறவன் கூடக் காதைச் சின்னதாக்கிவிட்டான். "எல்லாத்துலயும் கள்ளத்தனம்" என்று சொல்லிக்கொண்டே ஊசியைச் செல்லப்பாவிடம் நூல் கோக்கக் கொடுப்பாள்.

போன கண்காட்சி சீசனில் திருப்பூணித்துறையிலிருந்து ஸுப்ரியா வந்தாள். பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற பெண், காலேஜில் வரையச் சொல்லிக்கொடுக்கிறாள், சொந்தமாக வரைந்த படங்களை முதல்முறையாகக் கண்காட்சிக்கு வைக்கப் போகிறாள். எல்லாம் காயலும் சீன மீன்வலையும் இல்லாத கொச்சி: பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம், தண்ணீர் லாரி, மொட்டை மாடியில் காயும் நைட்டிகள். செல்வலட்சுமிக்குப் படங்கள் பிடித்துவிட்டன. உடனே சந்தேகமும் வந்தது. "இதெல்லாம் நீயேதான் வரைஞ்சியா மோளே?" என்று கேட்டுவிட்டாள். ஸுப்ரியா சிரித்துக்கொண்டே, "ஆமா சேச்சி, நானாக்கும்" என்றாள்.

உள்கட்டைகள் மெலிசாக இருந்தன. அதற்குக் குட்டை ஸ்க்ரூ போதும். கடையில் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள்: ஒன்றில் குட்டை, ஒன்றில் நீளம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நகத்தின் அகலம்தான் இருக்கும். செல்வலட்சுமி முதல் இரண்டு படங்களைப் பூட்டி, கோடுகளை நிமிர்த்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் நகத்தை ஓட்டியபோது நகம் இடறியது. தண்ணீர் லாரிப் படத்தின் பின்னால் ஒரு கோடு கிழக்கே பார்க்கிறது, ஒரு கோடு மேற்கே பார்க்கிறது. யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். கேன்வாஸின் முதுகைத் தடவினாள். ஒரு மூலையில் ஈரம். தண்ணீரா, மருந்தா? மோந்து பார்த்தாள், வாசனை இல்லை. வாசனை இல்லாத மருந்துதான் மோசமானது என்று தோன்றியது.

படத்தையே யாராவது மாற்றிவிட்டார்களா? முன்பக்கம் திருப்பி, போனில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒட்டிப் பார்த்தாள். போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் கலங்கியது, தள்ளிப் பிடித்தால் சின்னதாகத் தெரிந்தது. போன் கம்பெனிக்காரனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வைத்தாள். சாவி இரண்டே இரண்டு. ஒன்று தன் இடுப்பில். கடையைக் காலையில் திறப்பது சேவியர்.

அந்தப் பக்கம் சேவியர் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். செல்வலட்சுமி ஒண்ணுமில்ல என்று சொன்னதைக் கேட்டது செல்லப்பாவாக இருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பார். சேவியர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தான்.

ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் சாட்சிதானே. போன மாதம் தோப்பும்படியில் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது, அங்கே பெரிய பிரேம் கடை வைத்திருக்கும் கிருஷ்ணபிரசாத்தோடு சேவியர் சாயா குடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அது வெறும் சாயா. இன்றைக்கு நினைத்தால் அதில் எத்தனையோ இருந்தது. போன் வந்தால் எதற்கு வாசலுக்குப் போய்ப் பேசுகிறான்? சோற்றுப் பையை எதற்கு எப்போதும் தன் தலைக்குமேல் உள்ள ஆணியிலேயே மாட்டுகிறான்? ஸுப்ரியாவின் படத்தைக் கழற்றி அளவெடுத்து, நகல் செய்து, கிருஷ்ணபிரசாத்துக்கு... அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டாள். "அவன் இல்லேன்னா கடை ஓடாது" என்று செல்லப்பாவிடம் சம்பந்தமில்லாமல் சொன்னாள். "எவன் இல்லேன்னா?" என்று கேட்டவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அவன் கள்ளனாக இருந்தால் கடை போச்சு. அவன் கள்ளனாக இல்லாவிட்டால்? அந்தப் பக்கம் அவள் யோசிக்கவில்லை.

மேலும் சில படங்களைப் பூட்டினாள். அவற்றின் கோடுகளும் மறுநாள் சாய்ந்திருந்தன. ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பி, கடைக்கு எதிரே கிடங்கு வாசலில் நின்ற லாரியின் மறைவில் நின்றுகொண்டாள். பாதி ஷட்டர் ஏறியிருந்தது. உள்ளே சேவியர் ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு மேஜையில் கவிழ்த்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கழற்றினான், துணியை நனைத்தான், துடைத்தான், மறுபடி பூட்டினான். கழற்றியதைப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டான். லாரிக்குப் பின்னால் நின்ற செல்வலட்சுமி உள்ளே பாய்ந்து கழுத்தைப் பிடித்திருப்பாள். ஆனால் சாட்சி இல்லாமல் பிடித்தால் நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடுவானே! படம் பார்க்க அன்றைக்கு ஸுப்ரியா வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாள்.

ஸுப்ரியா வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் செல்வலட்சுமி எழுந்துவிட்டாள்.

"சேவியரே, அந்தப் பைய இங்க கொண்டுவா."

"எதுக்குக்கா?"

"கொண்டுவான்னு சொன்னேன்!"

அவன் கொண்டுவரவில்லை, அவளே போய் ஆணியிலிருந்து எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். சோற்று டப்பா, ஒரு தோர்த்துத் துண்டு, ஒரு பேப்பர் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்ததும் பித்தளை ஸ்க்ரூக்கள் உருண்டன.

"பாத்தியா மோளே? உன் படத்தத் தெனம் கழட்டுறான். நான் பூட்டினதக் கழட்டி இவன் பூட்டுறான். உள்ள என்னமோ ஈரம் பண்ணி வெக்கிறான். இன்னைக்கு நான் என் கண்ணால பாத்தேன்."

ஸுப்ரியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஸ்க்ரூவையா சேச்சி யாராவது எடுத்துண்டு போவா?"

"ஸ்க்ரூவுல ஆரம்பிக்கும், படத்துல முடியும். கேளு, கிருஷ்ணபிரசாத்கூட என்ன சாயான்னு கேளு!"

சேவியரின் முகத்தில் ஈயாடவில்லை. ஸுப்ரியாவைப் பார்த்தான், செல்வலட்சுமியைப் பார்த்தான். "வெளிய வாங்கக்கா. ஒரு காரியம் சொல்லணும்" என்றான் மெதுவாக.

"வெளிய என்ன? இங்க சொல்லு, அவ முன்னால சொல்லு!"

"அந்தப் பிள்ள முன்னால வேண்டாம்."

"முன்னால சொல்ல முடியாத காரியத்தத்தான் நீ பின்னால பண்ணிக்கிட்டிருக்க. கள்ளன்!"

அந்தச் சொல் விழுந்ததும் சேவியர் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. மேஜைமேல் வைத்தான். டப்பாவையும் தோர்த்தையும் பையில் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூக்களை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

ஜெயித்துவிட்டதாகத்தான் செல்வலட்சுமிக்குத் தோன்றியது. "இனி பயமில்ல மோளே. ஒரு படம்தான் பாக்கி. இப்பவே பூட்டித் தர்றேன்" என்றாள். ஸுப்ரியா கிளம்புவாள் என்று பார்த்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் இப்போது படத்தைத் தனியாக விட்டுப்போக மனசில்லை! செல்வலட்சுமிக்கு அது கொஞ்சம் சுட்டது. என் கடையில், என்னையே காவல் பார்க்கிறாளா?

நைட்டிகள் காயும் படம்தான் பாக்கி. சட்டத்துக்குள் கேன்வாஸை இறக்கி, நாலு பக்கமும் அட்டைத் துண்டு செருகி இடைவெளியைச் சரிபார்த்து, கம்பளிமேல் கவிழ்த்து, டப்பாவிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துப் பூட்டினாள். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கோடுகளை நிமிர்த்தினாள். அட்டைகளை உருவிவிட்டுப் படத்தைத் தூக்கி நிறுத்தினாள். இடைவெளி அளந்துவைத்த மாதிரி இருந்தது.

ஸுப்ரியா கிட்டே வந்து பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். விரலால் ஓரத்தைத் தொட்டாள்.

"சேச்சி, இது என்னவாக்கும்?"

"எது?"

"இதோ, இங்க. பரு மாதிரி பொடச்சிண்டு இருக்கு. இங்கயும் ஒண்ணு. நான் கொண்டுவரச்சே இது இல்லையே."

செல்வலட்சுமி பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்தாள். தெரிந்தது. மஞ்சள் நைட்டியின் ஓரத்தில் சாயம் மேடாகித் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு முனை முட்டிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் மாத்திப் போட்டிருப்பான்" என்றாள் உடனே. "குட்ட டப்பாவுல நீளத்தக் கலந்திருப்பான்." சொல்லிக்கொண்டே டப்பாவை எடுத்து ஸுப்ரியாவிடம் நீட்டினாள். ஸுப்ரியா அதில் ஒன்று, பக்கத்து டப்பாவில் ஒன்று, மேஜையில் சிதறிக் கிடந்ததில் ஒன்று எடுத்து உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள்.

"டப்பால கலக்கல சேச்சி. நீங்க நீள டப்பாலேர்ந்து எடுத்துட்டேள்." கொஞ்சம் தயங்கினாள். "அவர் பையில இருந்ததும் எல்லாம் நீளம்தான்."

அவ்வளவுதான். செல்வலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சேவியர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தது, நீளத்தைக் கழற்றிக் குட்டையைப் போட்டது, புடைப்பு அமுங்கட்டும் என்று முதுகில் ஈரத்துணி வைத்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. அந்தப் பெண்ணின் முன்னால் வேண்டாம் என்று அவன் எதற்குச் சொன்னான் என்பதும் புரிந்தது. செல்வலட்சுமிக்குக் கண் போய்விட்டது, உன் படங்களைக் குத்திவைக்கிறாள் என்று ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவன் எப்படிச் சொல்வான்? ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவள், தன் கண்ணை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஸுப்ரியாவின் முன்னாலேயே அழுதாள்.

மத்தியானம் சாப்பிட வந்த செல்லப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் கண்ணக் காட்டணும்னு அவன் எங்கிட்ட மழைக்கு முன்னாலயே சொன்னான்டி."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? கண்ணு டாக்டரும் கண்ணாடிக் கடைக்காரனும் கூட்டுக் கள்ளனுங்கன்னு சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பாள்தான்.

சேவியர் குடியிருப்பது கருவேலிப்படியில், ஒரு வீட்டின் மாடி அறையில். வெளியே ஒட்டிக் கட்டிய மரப்படி. வெளிச்சம் இருக்கும்போதே ஏறினாள். அவன் பெண்டாட்டி சாயா போட்டு வைத்தாள். எதிரே சேவியர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"தப்பு என்னோடது சேவியரே. உன்னப் போயி அந்த வார்த்த சொல்லிட்டேன். என் நாக்கு அழுகிப் போகணும்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா."

"நாளைக்கே கண்ணக் காட்டுறேன். நீ சாவிய எடுத்துக்க." முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "கிருஷ்ணபிரசாத் முதலாளி ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாரு. அக்காவ விட்டு வரமாட்டேன்னு சாயாவக் குடிச்சிட்டு வந்தேன். இன்னைக்கு உச்சி நேரத்துக்குத்தான் சரின்னு சொன்னேன்."

"இல்லேன்னு சொல்லிடு. எனக்காக."

"நீங்க இனி நம்புவீங்க, எனக்குத் தெரியும். எனக்குத்தான் முடியாதுக்கா. நாளைக்கு வந்தா பைய எங்க வைக்கணும்னு யோசிப்பேன். சாயா குடிக்க எறங்கினா நீங்க பாக்குதீங்களோன்னு திரும்பிப் பாப்பேன். நீங்க பாக்காட்டாலும் எனக்குத் தோணும். அந்த வியாதி எனக்கு வேண்டாம்."

அந்த வியாதியோடு ஐம்பது வருஷத்துக்குமேல் குடித்தனம் செய்தவள் சாவியை மறுபடி முந்தானையில் முடிந்தாள். சாயா ஆறிவிட்டது. அதையும் குடித்துவிட்டு எழுந்தாள்.

"அந்தப் படத்துக்குக் குட்ட ஸ்க்ரூ மாத்திட்டு, முதுகுல ஈரத்துணி வைங்க. ஒரு ராத்திரியில அமுங்கிரும்" என்றான்.

"ஸுப்ரியா வெச்சிட்டா" என்றாள்.

வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. படி இருக்கிற இடம் அவளுக்குத் தெரியவில்லை. கைப்பிடியைத் தேடிக் கை துழாவியதைப் பார்த்துவிட்டு, சேவியர் வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினான்.

"இங்கன ஒரு படி. இன்னும் ஒண்ணு. கடசிப் படி ஒடஞ்சு கெடக்கு அக்கா, கால எட்டி வைங்க."

அவள் காலால் தடவிப் பார்க்கவில்லை. எவ்வளவு எட்ட என்று கேட்கவும் இல்லை. அவன் சொன்னபடி காலை எட்டி வைத்தாள். தரை இருந்தது.

"பாத்துப் போங்க" என்று சொல்லி, அவன் கையை விட்டான்.